செத்த கைக்கு ஏது பலம்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

1991-ஆம் வருஷம். ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். அப்பா இறந்து, காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தான். அன்றைய பாடம் தசைகள். என் கையையே மடக்கிக் காட்டி, "பாருங்க, மேல்கைத் தசை சுருங்குது, கை மடங்குது. தசை தளர்ந்தா கை மறுபடி நீளும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து நின்றான்.

"டீச்சர், எங்கப்பா செத்த அன்னிக்குக் காலையில அவர் கையைப் புடிச்சேன். மடக்கவே முடியல. கட்டை மாதிரி இருந்துச்சு. உசுரோட இருந்தப்ப நான் இழுத்தா அந்தக் கை வளைஞ்சு குடுக்கும். செத்த கைக்கு அவ்வளவு பலம் எங்கேருந்து டீச்சர் வந்துச்சு?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாடத்துல இல்லாததை எல்லாம் கேக்கக் கூடாது, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்கு வந்தவள். டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. தசை ரப்பர் மாதிரி சுருங்கும், ரப்பர் மாதிரி தளரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்தப் பையனின் கேள்விக்கு விடை இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே ஆரம்பித்து நூலகத்திலும் வீட்டிலும் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அவன் கேட்டது சின்னப் பிள்ளைக் கேள்வி அல்ல. உலகத்துப் பெரிய மூளைகள் எல்லாம் பல நூறு வருஷம் திணறிய கேள்வி. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பழைய கிரேக்க வைத்தியர்கள் தசை எப்படிச் சுருங்குகிறது என்று யோசித்தார்கள். கையை மடக்கினால் மேல்கைத் தசை புடைக்கிறது அல்லவா? அப்படியானால் உள்ளே ஏதோ போய் நிரம்புகிறது என்று முடிவு கட்டினார்கள். மூளையிலிருந்து நரம்பு என்ற குழாய் வழியாக ஒரு நுட்பமான காற்று வந்து தசையை ஊத வைக்கிறது, பலூன் ஊதினால் நீளம் குறைந்து பருமன் கூடுவது போல என்பது அவர்கள் கணக்கு. அலெக்சாண்ட்ரியாவில் இருந்த எராசிஸ்ட்ரேட்டஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சொன்னார். கொஞ்சம் மாறி மாறி இதே எண்ணம் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் நின்றது. யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஸ்வாமர்டாம். 1637-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். ஒரு தவளையின் தசையை அதன் நரம்போடு எடுத்து ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தார். குழாயின் நுனி மிக மெல்லியது. அந்த நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். தசை ஊதினால் உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளும், சொட்டு மேலே ஏற வேண்டும். நரம்பைச் சுண்டினார். தசை சுருங்கியது. சொட்டு ஏறவே இல்லை. அதாவது தசை புடைக்கிறதே தவிர, அதன் மொத்தக் கொள்ளளவு கூடவில்லை. உள்ளே எதுவும் புதிதாக வந்து நிரம்பவில்லை. ஒரு தவளை, ஒரு குழாய், ஒரு சொட்டுத் தண்ணீர். இரண்டாயிரம் வருஷ நம்பிக்கை போயிற்று. ஆனால் அவர் 1680-இல் இறந்துவிட்டார். அவருடைய எழுத்துகள் அச்சாகி முழுமையாக வெளிவர 1737-38 ஆயிற்று.

அதே காலத்தில் அதே நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாகத் தசை இழையைப் பார்த்தார். குறுக்கே குறுக்கே கோடுகள் தெரிந்தன. எலும்போடு ஒட்டிய தசைகளை நம் பாடப் புத்தகங்கள் 'வரித்தசை' என்று சொல்வது இந்தக் கோடுகளால்தான். விடை இந்தக் கோடுகளுக்குள் இருந்தது. அதைப் படிக்கத் தெரிய இன்னும் 270 வருஷம் ஆயிற்று.

அடுத்தது இத்தாலியின் பொலோன்யா நகரத்து கால்வானி. தவளைக் காலை உலோகக் கம்பிகளால் தொட்டால் அது துள்ளுவதைக் கண்டு 1791-இல் புத்தகம் போட்டார். உயிரினத்துக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்றார். வோல்ட்டா ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு வெவ்வேறு உலோகங்கள்தான் மின்சாரத்தை உண்டாக்குகின்றன என்றார். அந்தச் சண்டையில் வோல்ட்டா 1800-இல் மின்கலத்தையே கண்டுபிடித்தார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நரம்பில் ஓடுவது காற்று அல்ல, மின் சமிக்ஞை என்று உலகம் மெல்ல ஏற்றுக்கொண்டது.

சரி, சமிக்ஞை வந்துவிட்டது. தசைக்குள் என்ன நடக்கிறது?

ஜெர்மனியின் கூனே, தவளைத் தசைகளை உறைய வைத்து நசுக்கிச் சாறு எடுத்தார். அந்தச் சாறு சூடு ஏறியதும் ரத்தம் உறைவது போல உறைந்தது. அதில் இருந்த புரதத்துக்கு 1864-இல் 'மையோசின்' என்று பெயர் வைத்தார். பிணம் விறைப்பதும் இதே மாதிரி உறைதல்தான் என்று அவர் நினைத்தார். ஆக, நம் பையன் கேட்ட கேள்விக்கு முதலில் கிடைத்த விஞ்ஞான விடை 'தயிர் உறைவது போல உறைகிறது' என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரியில்லை.

பிறகு அமிலக் காலம் வந்தது. 1907-இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும், களைத்துப் போன தசையிலும் விறைத்துப் போன தசையிலும் லாக்டிக் அமிலம் சேர்கிறது என்று கவனமாக அளந்து காட்டினார்கள். அடுத்து இங்கிலாந்தின் ஏ.வி. ஹில் தசை வேலை செய்யும்போது வெளிப்படும் சூட்டை அளந்தார். ஜெர்மனியின் ஓட்டோ மையர்ஹாஃப் அமிலக் கணக்கைப் பார்த்தார். 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் இருவருக்கும் பகிர்ந்து கிடைத்தது. அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை. லாக்டிக் அமிலம் உண்டாவதால்தான் தசை சுருங்குகிறது, விறைப்பதும் அதனால்தான் என்று எல்லாரும் பாடம் நடத்தினார்கள்.

1930-இல் கோபன்ஹேகனில் லுண்ட்ஸ்கார்ட் என்ற இளம் மருத்துவர் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக விலங்குகளுக்கு அயோடோ அசிட்டிக் அமிலம் என்ற விஷத்தைச் செலுத்தினார். அவை இறந்தன, தசைகள் விறைத்தன. சோதித்தால் லாக்டிக் அமிலத்தையே காணோம்! தொடர்ந்து பார்த்தார். அந்த விஷம் ஏறிய தசை, லாக்டிக் அமிலம் துளியும் உண்டாகாமலே பல முறை சுருங்கியது. அதன் பிறகுதான் விறைத்தது. நோபல் பரிசு பெற்ற கொள்கை ஒரே அடியில் விழுந்தது. இதில் எனக்குப் பிடித்தது, ஹில் அதை மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டதுதான். தசை இயலில் புரட்சி நடந்துவிட்டது என்று அவரே எழுதினார். நான் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனிடம் 'தெரியாது' என்று சொல்லக் கூச்சப்பட்டவள். அவர் உலகத்தின் முன்னால் சொன்னார்.

அமிலம் இல்லையென்றால் தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் சென்னையில் படித்த ஒருவர் கதைக்குள் வருகிறார்.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (இரண்டு தடவை பெயில் ஆனவர் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்கவும்.) சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கி என்பவரோடு சேர்ந்து, திசுக்களில் பாஸ்பரஸை அளக்கும் ஒரு முறையை 1925-இல் உருவாக்கினார். அந்த அளவுகோல் கைக்கு வந்ததும், தசையில் யாரும் அறியாத பொருள்கள் இருப்பது தெரிந்தது. 1927-இல் பாஸ்போகிரியேட்டின். 1929-இல் ஏடிபி. அதே வருஷம் ஜெர்மனியில் மையர்ஹாஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டுபிடித்தார்.

ஏடிபி என்றால் அடினோசின் டிரைபாஸ்பேட். மூன்று பாஸ்பேட் கோத்த ஒரு சின்ன மூலக்கூறு. ஒன்றைக் கழற்றினால் சக்தி வெளிப்படும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஏடிபி என்பது கையில் இருக்கும் சில்லறை. ஓடினால் இரண்டு மூன்று நொடியில் தீர்ந்துவிடும். பாஸ்போகிரியேட்டின் அஞ்சறைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த பணம். சில்லறை தீர்ந்ததும் உடனே அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அதுவும் பத்து நொடிபோலத்தான் தாங்கும். அதற்குள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துப் புதுச் சில்லறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லுண்ட்ஸ்கார்டின் தவளைத் தசை சுருங்கியது இந்த அஞ்சறைப்பெட்டிப் பணத்தில்தான். அது தீர்ந்த பிறகே விறைத்தது. இந்த 'தீர்ந்த பிறகு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுப்பாராவ் 1948-இல் அமெரிக்காவிலேயே காலமானார். 1995-இல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. நான் பணியில் இருந்த அத்தனை வருஷத்தில் அவர் பெயரை ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

1939-இல் மாஸ்கோவில் எங்கல்ஹார்ட், லியூபிமோவா தம்பதியர், கூனே கண்ட அந்த மையோசின்தான் ஏடிபியை உடைக்கிறது என்று கண்டார்கள். அதாவது சில்லறையைச் செலவழிக்கும் கையே அதுதான். உலகப் போர் தொடங்கிய வருஷம் அது.

போருக்கு நடுவில் ஹங்கேரியின் செகெட் நகரத்தில் இதைப் படித்தவர் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி. வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937-இலேயே நோபல் வாங்கியவர். அந்த ஊர் விளையும் பாப்ரிகா மிளகாயிலிருந்துதான் வைட்டமின் சி-யை நிறைய எடுத்தார். இப்போது தசைப் பக்கம் திரும்பினார். அவரோடு வேலை செய்த இலோனா பங்கா, அரைத்த முயல் தசையை உப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊற விட்டார். சிறிது நேரம் மட்டும் ஊறினால் தண்ணீராக வரும் சாறு, மறுநாள் கூழாகக் கெட்டிப்பட்டிருந்தது. அதில் ஏடிபி சேர்த்தால் கூழ் இளகியது! மையோசினோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் கெட்டிப்படுகிறது என்று புரிந்தது. அந்த இரண்டாவது புரதத்தை ஸ்ட்ராப் என்ற இளைஞர் 1942-இல் பிரித்தெடுத்தார். பெயர் ஆக்டின்.

ஆக்டினும் மையோசினும் கலந்த கூழை மெல்லிய நூலாகப் பீய்ச்சி, அதன் மேல் ஏடிபி விட்டார் செண்ட்-ஜியார்ஜி. நூல் சுருங்கியது. உயிர் இல்லை, நரம்பு இல்லை, தவளை இல்லை. கண்ணாடித் தட்டில் இரண்டு புரதமும் ஒரு சிட்டிகை ஏடிபியும். வாழ்க்கையிலேயே தன்னை மிகவும் சிலிர்க்க வைத்த கணம் அதுதான் என்று பின்னாளில் எழுதினார். கொஞ்ச நாளில், ஹிட்லருக்கு எதிரான ரகசிய வேலைகளில் இறங்கியிருந்த அவரை கெஸ்டபோ தேடியது. தலைமறைவாக வாழ்ந்து தப்பினார். அவர்கள் கண்டதெல்லாம் போர் முடியும்வரை வெளியுலகத்துக்குத் தெரியவில்லை.

நம் பையனின் விடையும் அங்கேதான் முதலில் கிடைத்தது. அதே ஆய்வகத்தில் எர்டோஷ் என்பவர் 1943-இல், இறந்த முயலின் தசையில் விறைப்பு ஏற ஏற ஏடிபி குறைவதைக் காட்டினார். இரண்டும் கைகோத்துப் போகின்றன. ஏடிபி இருக்கும்வரை தசை மென்மை. தீரத் தீர விறைப்பு.

ஆனால் இது குழப்பமாக இல்லையா? ஏடிபி விட்டால் நூல் சுருங்குகிறது. அதே ஏடிபி கூழை இளக்கவும் செய்கிறது. அது இல்லாவிட்டால் தசை விறைக்கிறது. சுருங்க வைப்பதும் அதுவே, தளர வைப்பதும் அதுவே என்றால் எப்படி?

இதற்கு லேவன்ஹூக் பார்த்த கோடுகளைப் படிக்க வேண்டியிருந்தது. 1954 மே 22 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது. ஹியூ போரின்போது விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தவர். ஜீன் ஹேன்சன் லண்டனைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர். இவர்கள் இருவரும் அமெரிக்காவில் எம்ஐடியில் சந்தித்துக் கைகோத்தார்கள்.

தசை இழையில் கருப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை என்று மாறி மாறி இருக்கும். ஒரு கட்டத்துக்கு சார்கோமியர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 400 கட்டங்கள். தசை சுருங்கும்போது அந்தக் கருப்புப் பட்டையின் அகலம் மாறவே இல்லை, வெள்ளைப் பட்டை மட்டும் குறுகுகிறது. இரண்டு குழுவும் தனித்தனியே பார்த்தது இதைத்தான். கருப்புப் பட்டை மையோசின் இழைகள். அவற்றுக்கு இடையே இரு பக்கமிருந்தும் நுழைந்திருப்பவை ஆக்டின் இழைகள். எந்த இழையும் சுருங்குவதில்லை! ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி உள்ளே போகிறது. இரண்டு கை விரல்களையும் நுனியில் மட்டும் கோத்துக்கொண்டு மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். எந்த விரலும் குட்டையாகவில்லை. மொத்த நீளம் குறைந்துவிட்டது. நான் முப்பது வருஷம் நடத்திய ரப்பர் கதை இங்கே முடிந்தது.

சரி, யார் இழுப்பது? ஒவ்வொரு மையோசின் இழையிலும் சுமார் 300 சின்னத் தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. 1957-இல் ஹியூ ஹக்ஸ்லி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றைப் படம் பிடித்தார். அவற்றைக் கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே புரியும். கயிற்றைப் பிடித்து இழுக்கிறோம். அடுத்து என்ன செய்வோம்? அந்தக் கையை விட்டு, கயிற்றில் இன்னும் தள்ளிப் பிடிப்போம். மறுபடி இழுப்போம். ஒரு கை விடும்போது இன்னொரு கை பிடித்திருப்பதால் வாளி கீழே போகாது. மையோசின் தலைகள் செய்வதும் இதுவே. ஒரு இழுப்பு என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. கோடிக்கணக்கான கைகள் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து... அதனால்தான் நாம் குடத்தைத் தூக்குகிறோம்.

இதில் ஏடிபியின் வேலை என்ன? நான் நினைத்தது இழுப்பதற்குச் சக்தி என்று. அது பாதி உண்மை. ஏடிபி வந்து மையோசின் தலையில் உட்கார்ந்ததும் முதலில் நடப்பது, கை கயிற்றை விடுவது. விட்ட பிறகுதான் ஏடிபி உடைகிறது. அந்தச் சக்தியில் கை அடுத்த இழுப்புக்கு நிமிர்ந்து தயாராகிறது. 1971-இல் லிம்ன், டெய்லர் என்ற இருவர் இந்த வரிசையைத் தெளிவாக்கினார்கள். செகெட் ஆய்வகத்துக் கூழ் இளகியதும் இதனால்தான். கைகள் எல்லாம் பிடியை விட்டன, கூழ் தண்ணீராயிற்று.

ஆக, கயிற்றை விட வேண்டுமென்றாலும் சில்லறை வேண்டும்.

இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏடிபி நிறைய இருக்கிறதே, கைகள் ஏன் இழுத்துக்கொண்டே இருப்பதில்லை? இதற்கான துப்பு முதலில் ஒரு குழாய்த் தண்ணீரில் கிடைத்தது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசலை வடிநீரில் கலக்காமல், உதவியாளர் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தது பிறகு தெரிந்தது. சுத்தமான வடிநீரில் கலந்தால் இதயம் நின்றுவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று 1883-இல் எழுதினார். கை கால் தசைக்கும் இது பொருந்துமா? 1947-இல் ஹைல்ப்ரன், வியர்சின்ஸ்கி இருவரும் தவளைத் தசை இழைக்குள் பலவிதமான அயனிகளை ஊசியால் செலுத்தினார்கள். உடலில் இயல்பாக இருக்கும் அயனிகளில் கால்சியத்துக்குத்தான் இழை சுருங்கியது.

சுருங்குவதற்குக் கால்சியம் சரி. தளர்வதற்கு? தசை தானாகத் தளர்ந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இறைச்சி ஆராய்ச்சி செய்த மார்ஷ், தசைச் சாற்றில் ஏதோ ஒன்று தசையைத் தளர வைக்கிறது என்று கண்டார். அது என்ன என்று பல நாடுகளில் தேடினார்கள். டோக்கியோவின் எபாஷி செட்சுரோ அதைக் கண்டுபிடித்தார். அது தனிச்சத்து அல்ல. தசை இழையைச் சுற்றி வலைபோல் படர்ந்திருக்கும் மெல்லிய பைகளின் துணுக்குகள். அந்தப் பைகள் சுற்றியிருக்கும் கால்சியத்தை உறிஞ்சி எடுத்துவிடுகின்றன, அதனால்தான் தசை தளர்கிறது என்றார். இவ்வளவு சாதாரணமான ஒரு அயனியா இவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று அன்றைய பெரியவர்கள் பலர் நம்பவில்லை. அவர் விடவில்லை. ஜெர்மனியில் ஹாசல்பாக்கும் மக்கினோசேயும் 1961-இல், அந்தப் பைகள் ஏடிபியைச் செலவழித்துக் கால்சியத்தை உள்ளே இறைக்கின்றன என்று காட்டினார்கள். ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியம். கால்சியம் வந்து அமரும் பூட்டையும் எபாஷி தன் குழுவினரோடு கண்டுபிடித்தார். 1965-இல் அதற்கு ட்ரோபோனின் என்று பெயர் வைத்தார்.

இப்போது முழுக் கதையையும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம்.

1. நரம்பிலிருந்து சமிக்ஞை வருகிறது. பைகள் திறந்து கால்சியம் வெளியே பாய்கிறது.
2. கால்சியம் ட்ரோபோனின் பூட்டில் உட்கார்ந்ததும், ஆக்டின் கயிற்றை மூடியிருந்த மறைப்பு விலகுகிறது.
3. மையோசின் கைகள் கயிற்றைப் பிடித்து இழுக்கின்றன. ஏடிபி வந்ததும் விடுகின்றன. மறுபடி பிடிக்கின்றன.
4. சமிக்ஞை நின்றதும் பைகள் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இறைக்கின்றன. ஓய்விலிருக்கும் தசையில் பைக்கு உள்ளே உள்ள கால்சியம் வெளியே இருப்பதைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. இவ்வளவு மேட்டுக்கு இறைப்பதால்தான் அதற்கும் ஏடிபி செலவாகிறது.
5. மறைப்பு மூடிக்கொள்கிறது. பிடித்திருந்த கைகளை ஏடிபி விடுவிக்கிறது. தசை தளர்கிறது.

இன்னொரு விஷயம். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. மடக்கிய கையை நீட்டுவது பின்பக்கத்துத் தசையின் இழுப்பு. முன்தசை தளர்ந்து இடம் கொடுத்தால்தான் அதுவும் நடக்கும். அன்று வகுப்பில் நான் சொன்ன 'தளர்ந்தா கை நீளும்' என்பதும் அரைகுறைதான்.

இனி அந்தப் பையனுக்கு. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் உனக்குப் புரியும். இப்போது உனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

தம்பி, உங்க அப்பா கையில் பலம் எதுவும் கூடவில்லை. மூச்சு நின்றதும் முதலில் உடம்பு முழுக்கத் தளர்ந்துதான் போகும். வாய் திறந்துகொள்ளும். அதனால்தான் நம் பெரியவர்கள் உடனே தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். கொஞ்ச நேரம் போனால் கட்டினாலும் படியாது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். மூச்சு நின்றாலும் தசை உடனே ஓய்வதில்லை. அஞ்சறைப்பெட்டியில் இருந்ததைச் செலவழிக்கும். இருந்த சர்க்கரையைக் காற்று இல்லாமலே உடைத்துப் பார்க்கும். ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் கண்ட லாக்டிக் அமிலம் அப்படி வந்ததுதான். எல்லாம் தீர்ந்த பிறகு, கால்சியத்தை உள்ளே இறைக்க வழி இல்லை. மறைப்பு விலகிவிடுகிறது. கைகள் கயிற்றைப் பிடித்துக்கொள்கின்றன. விடச் சொல்ல ஏடிபி இல்லை. முதலில் இமை, தாடை, பிறகு கை, கால் என்று சில மணி நேரத்தில் உடம்பு கட்டையாகிறது. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஒன்றிரண்டு நாள் கழித்து அந்தப் புரதங்களே சிதைய ஆரம்பிக்கும்போதுதான் அந்தப் பிடி தளரும்.

உயிரோடு இருந்தபோது நீ இழுத்ததும் அந்தக் கை வளைந்து கொடுத்தது என்று சொன்னாய் அல்லவா? அதுதான் அவருடைய தசை வேலை செய்ததற்கு அடையாளம். நீ காலையில் பிடித்துப் பார்த்த விறைப்பு பலம் இல்லை. விடுவதற்குச் சக்தி இல்லாமை. உன் கேள்வி சரியான கேள்வி. எர்டோஷ் 1943-இல் முயலின் தசையில் பார்த்ததை நீ உன் அப்பா கையில் பார்த்து, என்னிடம் கேட்டாய். நான் உன்னை உட்கார வைத்துவிட்டேன். அதற்காக இப்போது வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்று பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் "எனக்குத் தெரியலப்பா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு மறுநாள் வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பதிவில் தவறு ஏதும் இருந்தால், உடலியல் படித்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.